இருபத்து மூன்றில் படகு இறங்காது

அத்தியாயம் 12

தியென், தோவா, அவர்களுடைய ஆறு வயது மகள் தெப், மூன்று பேரையும் ஹுவே நகரத்துக்குப் போகும் விடிகாலை பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் போன வாரம் நிறுத்தியிருந்தேன். பஸ் வந்து சேர்ந்துவிட்டது. மழையால் ஒரு பாலத்தருகே அரை மணி நேரம் நின்றதைத் தவிர வழியில் ஒரு குறையும் இல்லை. குறை எல்லாம் கிளம்பிய தேதியில்தான்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தெப்பின் வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்கு மேலே, ஒரு புற்றுக்கட்டி. ஐந்து முறை கீமோ ஏற்றி, ஆபரேஷன் செய்து, முக்கால்வாசியை எடுத்தாகிவிட்டது. மிச்சத்தைக் கொல்லக் கடைசியாக ஒரு பெரிய டோஸ் கொடுக்க வேண்டும். அந்த டோஸ் எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடத்தையும் சேர்த்துக் கருக்கிவிடும். அதனால் முன்கூட்டியே குழந்தையின் ஸ்டெம் செல்களை எடுத்து உறைய வைத்து, பிறகு அவளுக்கே திருப்பி ஏற்றுவார்கள். விதைநெல்லை எடுத்து வைத்துவிட்டு வயலைக் கொளுத்துவது மாதிரி என்று டாக்டரம்மா குவே விளக்கினார். "எங்களுக்கு ஏது டாக்டர் வயல், கடல்தான்" என்றான் தியென். டாக்டரும் சிரித்துவிட்டார்.

அந்த விதைகள் சாதாரணமாக எலும்புக்குள்ளேயே கிடக்கும். மெஷினில் வடித்தெடுப்பதற்காக அவற்றை ரத்தத்துக்கு இறக்கிவிட, கீமோ முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது தினம் ஒரு ஊசி எழுதிக் கொடுத்தார்கள். தினம் சாயங்காலம் தியென் மகளை மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு வட்டார சுகாதார நிலையத்துக்குப் போனான். ஊசி போட்ட இரவெல்லாம் தெப் முதுகெலும்பும் இடுப்பும் கடுக்கிறது என்று அழுதாள். ஒரு நாள்கூட அவன் ஊசியைத் தவறவிடவில்லை. இதை அவன் கணக்கில் எழுதிவிட வேண்டும்.

நர்ஸ் லியூ அவனை அனுப்பும்போது சொன்னது ஒன்றே ஒன்றுதான். "தினம் ரத்தம் பாருங்க. வெள்ளை அணு ஆயிரத்தத் தாண்டுச்சுன்னா அடுத்த பஸ்ஸப் பிடிச்சு வந்துடணும். எந்த பஸ்ஸு?" "அடுத்த பஸ்ஸு." மூன்று தடவை அவனைத் திருப்பிச் சொல்ல வைத்தாள்.

பிறைக் கணக்கில் இருபத்து இரண்டாம் நாள் சாயங்காலம் ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்தது. ஆயிரத்து இருநூறு. தோவா பையைக் கட்டி வைத்துவிட்டாள். அடுத்த பஸ் விடிகாலை ஐந்து மணிக்கு. விடிந்தால் இருபத்து மூன்று.

எங்கள் கடற்கரையில் ஐந்து, பதினாலு, இருபத்து மூன்று, இந்த மூன்று நாளும் படகு இறங்காது. பெண் பார்க்கப் போக மாட்டோம். பக்கத்து ஊர் சந்தைக்குக்கூடப் போக மாட்டோம். படித்தவர்கள் சிரிக்கலாம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தியெனின் அண்ணன் ஒரு இருபத்து மூன்றில் கணவாய் பிடிக்கப் போனான். ஒரு பலகைகூடத் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு சிரிக்க எங்களில் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

தியென் சுவரில் தொங்கிய தேதிக் காலண்டரைப் பார்த்தான். "இருபத்து நாலு விடிகாலை போயிடலாம். ஒரு நாள்தானே" என்றான். தோவா ஒன்றும் சொல்லவில்லை. இருபத்து நாலு மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். இன்று இருபத்து ஐந்து.

காலை எட்டு மணிக்கு டாக்டர் குவே வராந்தாவில் தியெனைப் பிடித்தார். தோவா உள்ளே குழந்தையோடு இருந்தாள்.

"அண்ணா, விடிகாலை எடுத்த ரத்தத்துல ஸ்டெம் செல் எண்ணிக்கை ஒன்பதுதான் வந்திருக்கு. இருபதாவது இருந்தாத்தான் மெஷின்ல போடுறது வழக்கம்."

"ஒன்பதா?" என்றான் தியென்.

"பயப்படாதீங்க. இது ஏறிக்கிட்டிருக்கிற ஒன்பதா, இறங்கிக்கிட்டிருக்கிற ஒன்பதான்னு தெரியணும், அவ்வளவுதான். வெள்ளை அணு ஆயிரத்தத் தாண்டினது என்னிக்கு?"

டாக்டருக்குப் பின்னால் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நர்ஸ் லியூ நின்றாள். ஐம்பது வயது, கனத்த குரல், மறதி என்பதே கிடையாது. எந்த பஸ்ஸு என்று அவள் கண்களே கேட்பதுபோல் தியெனுக்குப் பட்டது. போன தடவை இதே வார்டில், அடுத்த கட்டில்காரர் மீன்காரங்க சகுனத்தைப் பற்றி ஏதோ ஜோக் அடித்து எல்லாரும் சிரித்ததும் ஞாபகம் வந்தது.

"முந்தாநாள் சாயங்காலம், டாக்டர். நேத்து விடிகாலையே கிளம்பிட்டோம்."

"ரிப்போர்ட் சீட்டு இருக்கா?"

"மழைல நனைஞ்சு கிழிஞ்சுபோச்சு."

சீட்டு அவன் சட்டைப்பையில், மடிப்புக் கலையாமல் இருந்தது.

டாக்டர் குவேயின் முகம் தெளிந்தது. "அப்ப இன்னிக்கு ரெண்டாவது நாள்தான். ஏறுற ஒன்பது. நாளைக்கு நல்லா வந்துடும். இன்னிக்கே குழந்தையை மயக்கத்துல போட்டு, கழுத்துல குழாய் வச்சு, கொஞ்சமா எடுத்துப் பாழாக்க வேணாம். நேத்து ராத்திரிலேருந்து பட்டினிதானே? பாவம், சாப்பிடக் குடுங்க."

தியெனுக்கு மனசு லேசாகிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் அவனுக்கு வெட்கம்கூட இல்லை. யாருக்கும் நஷ்டமில்லாத ஒரு சின்னப் பொய், அதுவும் நல்லபடியாக முடிந்துவிட்டது என்றே நினைத்தான்.

உள்ளே தெப் கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். தலையில் ஒரு முடி இல்லை, புருவமும் இல்லை. வாய்க்கு மட்டும் கீமோ ஒன்றும் செய்ய முடியவில்லை.

"ப்பா, மெஷின் எப்ப வரும்?"

"மெஷின் வராதும்மா, நாமதான் போகணும். நாளைக்கு."

"அது என் ரத்தத்தக் குடிச்சிடுமா?"

"குடிச்சிட்டுத் துப்பிடும். வேணுங்கிறத மட்டும் கொஞ்சம் எடுத்துக்கும்."

"யார் எச்சில் பண்ணினதையும் நான் குடிக்க மாட்டேன்" என்றாள் தெப்.

தோவாவுக்குச் சிரிப்பு வந்தது. பத்து நாளாக அவள் சிரித்துத் தியென் பார்க்கவில்லை. "நாளைக்கு நல்லா வரும்னா சொன்னாங்க? டாக்டரம்மா நிஜமாவே சொன்னாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாள். "ஆமா" என்றான். "சீட்டு என்னிக்கு வந்துச்சுன்னு கேட்டாங்களா?" என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்கும் தெரியாது.

"கேட்ல தர்மக் கஞ்சி ஊத்த ஆரம்பிச்சிருப்பாங்க. இவளுக்கு மீன் கஞ்சி இருக்கான்னு பாக்கறேன்" என்று தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தோவா கிளம்பினாள்.

"நிறைய வாங்கு. எனக்கு ரெண்டு வயிறு இருக்கு" என்று பின்னாலிருந்து கத்தினாள் மகள்.

தியென் வெந்நீர் பிடிக்க வராந்தாவின் கோடிக்குப் போனான். அங்கே நர்ஸ் லியூ மருந்துத் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். மனசு லேசாக இருக்கிறவன் பேச்சுக் கொடுப்பான் இல்லையா, அவனும் கொடுத்தான்.

"அக்கா, ஏறுது இறங்குதுன்னு டாக்டர் சொன்னாங்களே, அது என்ன கணக்கு?"

லியூ தலை நிமிராமலே சொன்னாள். "ஊசி போட்டதும் விதையெல்லாம் எலும்ப விட்டு ரத்தத்துக்கு இறங்குது இல்ல? அங்கயே குடித்தனம் பண்ணாது தம்பி. வெள்ளை அணு ஏறத் தொடங்கினதும் ரெண்டு நாள், மிஞ்சிப்போனா மூணு நாள் ரத்தத்துல சுத்தும். அதுக்குள்ள வடிகட்டி எடுத்துடணும். அப்புறம் வந்த வழியே எலும்புக்குள்ள போயிடும்."

"போயிட்டா?"

"போயிட்டா என்ன, மெஷின சும்மா சுத்த விட்டுப் பாக்க வேண்டியதுதான். உன் பொண்ணுக்கு அந்தக் கவலை இல்ல. நேரத்துக்குக் கூட்டிட்டு வந்துட்ட." தட்டைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். "நெத்திலி பிடிக்கிறவன்தானே நீ, உனக்குத் தெரியாததா. கூட்டம் வந்த அன்னிக்கு வலை தண்ணியில இருக்கணும்."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். தியென் கெட்டிக்காரன் இல்லை. அவன் புளுகு ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

வெந்நீர் குடுவையில் நிரம்பி வழிந்து அவன் கையைச் சுட்டது. அவனுக்கு உறைக்கவில்லை. இன்று இரண்டாவது நாள் இல்லை. மூன்றாவது நாள். கூட்டம் நேற்று வந்திருக்கும், அல்லது அதற்கும் முன்னால். இந்த ஒன்பது, போய்க்கொண்டிருக்கிற ஒன்பது. நாளைக் காலையில் மகளை மெஷினில் போடும்போது ஒன்றும் இருக்காது. இன்றைக்கே குழாய் வைத்தால் ஒருவேளை. இன்றைக்குக் குழாய் வைக்க வேண்டுமென்றால் மயக்கம் கொடுக்க வேண்டும். மயக்கம் கொடுக்க வேண்டுமென்றால் குழந்தை வயிறு காலியாக இருக்க வேண்டும்.

கஞ்சி.

குடுவையை அப்படியே போட்டுவிட்டு ஓடினான்.

தோவா அதற்குள் திரும்பி வந்திருந்தாள். தெப்பின் மடியில் கிண்ணம், கையில் கரண்டி. கஞ்சியில் வெந்த மீன் துண்டு ஒன்று மிதந்தது.

"ம்மா, மீனைத் திருப்பிப் போடாத. படகு கவுந்துடும்."

"ஆஸ்பத்திரில ஏதுடி படகு?"

"நான் உக்காந்திருக்கேனே, இதுதான்" என்று கட்டிலைத் தட்டிவிட்டு அடுத்த கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனாள்.

தியென் கரண்டியைப் பிடுங்கினான். பிடுங்கிய வேகத்தில் கிண்ணம் சரிந்து கஞ்சி கட்டில், தரை, குழந்தையின் பாவாடை என்று எல்லா இடத்திலும் கொட்டியது. தெப் ஒரு கணம் திகைத்து, வெறும் கையைப் பார்த்தாள். பிறகு வார்டே திரும்பிப் பார்க்கும்படி அலறினாள். பதினான்கு மணி நேரம் பட்டினி கிடந்த குழந்தையின் வாயிலிருந்து அவள் அப்பா கரண்டியைப் பிடுங்கிவிட்டார்.

"உங்களுக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?" தோவா அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"எவ்வளவு சாப்பிட்டா? எத்தனை வாய்?"

"ரெண்டு வாய்கூடச் சாப்பிடல, அதுக்குள்ள..."

"குடுக்காத. இனிமே ஒரு சொட்டுத் தண்ணிகூடக் குடுக்காத." அவனுக்கு மூச்சு வாங்கியது. "தோவா, நான் டாக்டர்கிட்டப் பொய் சொல்லிட்டேன். சீட்டு இருபத்து மூணு வந்துச்சுன்னு சொல்லிட்டேன். அதனாலதான் நாளைக்குன்னாங்க. நாளைக்கு ஒண்ணும் இருக்காது. இன்னிக்கே எடுக்கணும்."

தோவா அவனைப் பார்த்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று நின்றான். அவள் மகளின் பாவாடையில் ஒட்டியிருந்த கஞ்சியை வழித்தபடி, தணிந்த குரலில், "இங்க நின்னு எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? போங்க. அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றாள்.

டாக்டர் குவேயின் அறையில் வேறொரு குழந்தையின் படம் விளக்குப் பெட்டியில் மாட்டியிருந்தது. தியென் கதவைத் தட்டாமலே உள்ளே போனான். சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

டாக்டர் சீட்டைப் பிரித்தார். தேதியைப் பார்த்தார். சுவரில் இருந்த காலண்டரில் ஆங்கிலத் தேதிக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்த பிறைத் தேதியையும் பார்த்தார். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான், யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

"மறுநாள் இருபத்து மூணு" என்றார்.

"ஆமா டாக்டர்."

"குழந்தை சாப்பிட்டுச்சா?"

"ரெண்டு வாய். பிடுங்கிட்டேன்."

டாக்டர் அவனைத் திட்டவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. போனை எடுத்தார். மயக்க டாக்டரிடம் பேசினார். "ரெண்டு வாய்னாலும் சாப்பாடுதான், ஆறு மணி நேரம் கழிச்சுத்தான்" என்று அந்தப் பக்கம் சொன்னது தியெனுக்கும் கேட்டது. மூன்றரை மணிக்குக் குழாய். ரத்த வங்கியில் ஒரு பை ரத்தம் வேண்டும் என்றார். பதினாறு கிலோ குழந்தை, மெஷினின் குழாய்களை நிரப்பவே அவள் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், அதனால் யாரோ கொடுத்த ரத்தத்தால் முதலில் அதை நிரப்பி வைக்க வேண்டும். இன்னொரு தடவை எண்ணிக்கை பார்க்க லியூவை அனுப்பினார்.

பத்தரை மணிக்கு அந்த எண்ணிக்கை வந்தது. ஏழு.

"இறங்குது" என்றார் டாக்டர். "மூணரை மணிக்கு அஞ்சோ ஆறோ இருக்கும். இருந்தாலும் எடுக்கறேன். இருக்கிறத எடுப்போம்."

எண்ணிக்கையைக் கொடுத்துவிட்டு வந்த லியூ வராந்தாவில் அவனைத் தாண்டிப் போனாள். நின்றாள். திரும்பி வந்தாள்.

"நேரத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டன்னு இந்த வாயாலதான் உன்னப் பாராட்டினேன்."

"அக்கா..."

"எங்கிட்ட ஒண்ணும் பேசாத. ஒரு நாள் லேட்டா வந்த, அது ஒரு தப்பு. அது ஊர்ல நாலு பேர் பண்றதுதான், என் மாமியார் வீட்லயும் பண்ணுவாங்க. ஆனா அந்தக் குழந்தைக்கு இருந்த மிச்ச நாளையும் நீ பொய் சொல்லி வீணடிக்கப் பாத்த பாரு." அவள் குரல் உடைந்தது. கோபக்காரர்களுக்குக் கண் கலங்கினால் இன்னும் கோபம் வரும். "போ. போய் அவ கால அமுக்கி விடு. வலிக்குதுன்னு அழுதுட்டிருக்கா."

அந்த ஐந்து மணி நேரம் இந்தக் குடும்பம் எப்படிக் கழித்தது என்று எழுத எனக்கே மனசு வரவில்லை. குழந்தை முதலில் கஞ்சி கேட்டாள். பிறகு தண்ணீர் கேட்டாள். பிறகு ஒன்றும் கேட்காமல், அப்பா அமுக்கிவிட வந்தபோது காலை இழுத்துக்கொண்டாள். "நீ வேணாம். அம்மா" என்றாள். பத்து நாள் ஊசியில் ஒரு தடவைகூட அவள் அப்படிச் சொன்னதில்லை. தோவா காலை அமுக்கிவிட்டாள், உதட்டை ஈரப் பஞ்சால் துடைத்தாள், கணவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தியென் கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தான்.

மூன்றரைக்குக் குழாய் வைத்தார்கள். நாலரைக்கு மெஷின் ஓடத் தொடங்கியது.

தெப் அரைத்தூக்கத்தில் கிடந்தாள். கழுத்தில் இரட்டைக் குழாய், ஒன்றில் ரத்தம் போனது, இன்னொன்றில் திரும்பி வந்தது. நடுவில் மெஷின் சுழன்று சுழன்று பிரித்தது. மேலே தொங்கிய ஒரு சின்னப் பையில் வெளிறிய சிவப்பில், நீர்த்துப்போன தக்காளிச் சாறு மாதிரி ஏதோ சொட்டுச் சொட்டாக இறங்கியது. பை அப்படி ஒன்றும் பெரிதில்லை. தியென் அதைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரம் போனதும் தெப் முனகினாள். "ம்மா, உதட்டுல எறும்பு."

லியூ உடனே வந்து சுண்ணாம்புச் சத்து மருந்தைக் குழாயில் ஏற்றினாள். "ரத்தம் உறையாம இருக்க மெஷின்ல ஒரு மருந்து கலக்கிறோம், அது பண்ற வேலை இது. எறும்ப இப்ப ஓட்டிடறேன்" என்றாள். தெப் கண்ணைத் திறந்தாள். பையைப் பார்த்தாள்.

"அதுதான் என்னோடதா?"

"உன்னோடதுதான் கண்ணு."

"ரொம்பக் கொஞ்சமா இருக்கு" என்றாள் தெப்.

மெஷின் மட்டும் சுழன்றுகொண்டிருந்தது.

ஏழரை மணிக்கு மெஷினை நிறுத்தினார்கள். கணக்கெடுத்துச் சொல்ல இன்னும் முக்கால் மணி நேரம் ஆயிற்று. டாக்டர் குவே வீட்டுக்குப் போகாமல் காத்திருந்து, தானே வந்து சொன்னார்.

"கிலோவுக்கு இருபது லட்சம் செல்லாவது வேணும். அதுக்குக் கீழ இருந்தா அந்தப் பெரிய டோஸ நான் குடுக்க மாட்டேன், குடுத்தா எழுந்திரிக்க மாட்டா. இன்னிக்கு எட்டு லட்சம் கிடைச்சிருக்கு."

"நாளைக்கு?" என்று கேட்டாள் தோவா.

"சும்மா விட்டா நாளைக்கு ஒண்ணும் இருக்காதுக்கா. இன்னொரு ஊசி இருக்கு. எலும்புல போய் ஒட்டிக்கிட்ட விதைய உலுக்கி இறக்கும். எங்ககிட்ட இல்ல. ஹனோய்ல ஒரு ஆஸ்பத்திரில ஒரே ஒரு குப்பி இருக்குன்னு கேள்விப்பட்டேன். அவங்க ஒரு குழந்தைக்காக வச்சிருக்காங்க. கேட்டிருக்கேன். சரின்னாங்கன்னா இன்னிக்குக் கடைசி விமானத்துல வந்துடும். இன்னும் பதில் சொல்லல."

தியென் எழுந்து நின்றான். நாள் முழுவதும் கேட்க நினைத்ததைக் கேட்டான். "டாக்டர், நாங்க அன்னிக்கே வந்திருந்தா?"

வேறொரு டாக்டராக இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். குவே சமாளிக்கவில்லை.

"நிச்சயமாச் சொல்ல முடியாது அண்ணா. சில குழந்தைங்களுக்கு எப்ப வந்தாலும் கம்மியாத்தான் வரும். ஆனா நேத்து காலைல ரத்தம் பாத்திருந்தா இதவிட அதிகமா இருந்திருக்கும். எவ்வளவு அதிகம்னு இனிமே யாருக்கும் தெரியாது."

சொல்லிவிட்டு அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

லியூ ஒரு கிண்ணம் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். மீன் இல்லை, வெறும் அரிசிக் கஞ்சி. தெப் தூக்கத்திலேயே நாலு வாய் வாங்கிக்கொண்டு மறுபடி தூங்கிப்போனாள். தோவா கிண்ணத்தைக் கழுவி வைத்தாள், துணியை மடித்தாள், மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"திட்டேன்" என்றான் தியென். "காலைலேருந்து ஒரு வார்த்தை பேசல நீ. திட்டிடு தோவா. எனக்கு அது பரவாயில்ல."

"எப்படித் திட்டுவேன்?"

"நான்தானே காலண்டரப் பாத்தேன். நான்தானே ஒரு நாள்தானேன்னு சொன்னேன்."

தோவா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். மகளின் மொட்டைத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பை கட்டறப்பவே நான் பாத்துட்டேன். உங்களுக்கு முன்னாடியே. விடிஞ்சா இருபத்து மூணுன்னு தெரிஞ்சுதான் கட்டினேன். போலாம்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீங்க எழுந்து வந்திருப்பீங்க. எனக்குத் தெரியும். என் பேச்ச நீங்க தட்ட மாட்டீங்க."

தியென் அவளைப் பார்த்தான்.

"வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. உங்க அண்ணன் முகம் வந்து நின்னுச்சு. நீங்க சொல்லட்டும்னு உக்காந்திருந்தேன். இருபத்து நாலு போலாம்னு நீங்க சொன்னீங்க பாருங்க, எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. நிம்மதியாத் தூங்கினேன் அன்னிக்கு. இவ எலும்பு வலிக்குதுன்னு அழுததுகூடக் காதுல விழல, அப்படித் தூங்கியிருக்கேன்."

அவள் அழவில்லை. குரல்கூட உயரவில்லை.

"நீங்க டாக்டர்கிட்டப் போய்ச் சொல்லிட்டீங்க. லியூ அக்காகிட்டத் திட்டு வாங்கிட்டீங்க. நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

வராந்தாவின் கோடியில் டாக்டர் அறையில் போன் அடித்தது. இரண்டு பேரும் தலையைத் திருப்பினார்கள். யாரோ எடுத்தார்கள். யார் பேசுகிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்று இங்கிருந்து ஒன்றும் கேட்கவில்லை.